முதல் இருபது நிமிடம்

ஜனவரி 11, மாலை. ஒரு வாசகரின் கேள்வி

ஏரிக்கரைக்குப் போனாலும் போன், மலை உச்சிக்குப் போனாலும் போன் என்று எல்லோரும் குறைபட்டுக்கொள்கிறார்கள். எனக்கு இது புரியவில்லை. காட்டுப் பாதையில் பாட்டுக் கேட்டுக்கொண்டே நடக்கிறேன். நல்ல காட்சி வந்தால் படம் எடுக்கிறேன், உட்கார்ந்து நாலு பேருக்கு அனுப்புகிறேன். காடு அங்கேயேதான் இருக்கிறது, யாருக்கும் ஒன்றும் குறையவில்லை. இதில் நான் இழப்பது என்ன என்று யாராவது தெளிவாகச் சொல்ல முடியுமா?

ஜனவரி 11, இரவு

முதலில் இழப்பது இருட்டை. சொல்கிறேன்.

விளக்கு எதுவும் இல்லாத ஓர் இடத்தில் இரவில் போய் நில்லுங்கள். முதல் நிமிடம் பளிச்சென்ற நட்சத்திரங்கள் மட்டும் தெரியும். பக்கத்தில் நிற்கும் மரம்கூட வெறும் கருப்பாக இருக்கும். நம் கண்ணில் மங்கலான வெளிச்சத்துக்கென்றே கோல் செல்கள் இருக்கின்றன. அவற்றில் ரோடாப்சின் என்று ஒரு நிறமி. வெளிச்சம் பட்டால் அது சிதைந்துபோகும், இருட்டில்தான் திரும்ப ஊறும். ஓரளவு முழுதாக ஊறி வர 20 முதல் 30 நிமிடம் பிடிக்கும். ஐந்தாவது நிமிடத்தில் தெரியாத நட்சத்திரம் இருபதாவது நிமிடத்தில் தெரியும். நடுவில் மணி பார்க்கலாம் என்று போனை ஒரே ஒரு தடவை முகத்துக்கு நேரே பிடித்தால் போச்சு. கண் இருட்டுக்குப் பழகியது கெட்டுவிடும், மறுபடி காத்திருக்க வேண்டும்.

காதுக்கும் மனசுக்கும்கூட இப்படி ஓர் ஊறும் நேரம் உண்டு என்பது என் கட்சி. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை போனை எடுப்பவர் நாள் முழுக்க ஏரிக்கரையில் இருந்தாலும், வந்து இறங்கின முதல் ஐந்து நிமிடத்தைத் தாண்டவே மாட்டார்.

ஜனவரி 12, காலை

கண்ணுக்குக் காரணம் சொல்லிவிட்டாய், காதுக்கு என்ன என்று கேட்கிறார்கள். காதுக்கு என்னிடம் ஒரு குளம் இருக்கிறது.

ஒரு பக்கம் நாணல், மறு பக்கம் தண்ணீரில் பாதி சாய்ந்து கிடக்கும் ஒரு மரம். மூன்று வருடம் அங்கே போய்வந்திருக்கிறேன். மீன்கொத்தி அங்கே இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. ஒரு நாள் போய்ச் சேர்வதற்குள் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. சரி, வந்தது வந்துவிட்டோம் என்று உட்கார்ந்தேன். முதலில் ஒன்றுமே இல்லை. காற்று, தண்ணீர், அவ்வளவுதான். கை இரண்டு மூன்று முறை பைக்குள் போய் வெறுமனே திரும்பியது. அப்புறம் நாணலுக்குள் ஏதோ டிக் டிக் என்று ஆரம்பித்தது. இன்னொரு பக்கத்திலிருந்து அதற்குப் பதில் வந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், பதினேழு நிமிடம் ஆகியிருந்தது. அதுவரை அங்கே இருந்த எல்லா உயிரும் நான் போவதற்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கின்றன. நான் அசையாமல் இருந்த பிறகுதான் அவை தங்கள் வேலையைத் தொடங்கின. சாய்ந்த மரத்தின் நுனியில் நீலமாக ஒன்று வந்து உட்கார்ந்ததும் அதற்குப் பிறகுதான்.

மூன்று வருடமாக அது அங்கேதான் இருந்திருக்க வேண்டும். நான்தான் ஒவ்வொரு தடவையும் பத்து நிமிடத்துக்குள்ளேயே கையை உயர்த்தி, முழங்கையை மடக்கி, முகத்தில் வெளிச்சத்தை அடித்துக்கொண்டு அதை விரட்டியிருக்கிறேன்.

ஜனவரி 12, மாலை

காதில் மாட்டிக்கொண்டு நடப்பதைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். சருகு மேல் பறவை கிளறினால் இரண்டு தாவல், ஒரு நிறுத்தம், மறுபடி இரண்டு தாவல். அரணை ஓடினால் சர்ரென்று நீளமாக ஒரே இழுப்பு. பாம்பு போனால் அந்த இழுப்பு வேகமில்லாமல், விடாமல் வரும். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, காது தானாகப் பழகிக்கொண்டது. எவ்வளவு நல்ல பாட்டாக இருந்தாலும் அது இந்த மூன்றையும் ஒன்றாக்கி மூடிவிடும்.

ஜனவரி 15

மனசுக்கு வருகிறேன். ரேச்சல் கப்லான், ஸ்டீபன் கப்லான் என்ற உளவியலாளர் தம்பதி 1989-ல் இதை விரிவாக எழுதினார்கள். அவர்கள் சொல்வது சுருக்கமாக இது. வேலை செய்யும்போதும் படிக்கும்போதும் கவனத்தை நாம் கட்டி இழுத்து ஓர் இடத்தில் நிறுத்துகிறோம். அப்படி நிறுத்துவது களைப்பைத் தரும். மேகம் நகர்வது, இலை அசைவது, தண்ணீரில் வெயில் ஆடுவது எல்லாம் கவனத்தை இழுக்காமல் மெல்லத் தொட்டுக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் களைத்த கவனம் ஓய்வெடுத்துத் தேறிவிடும்.

போன் இதற்கு நேர் எதிர். ஒவ்வொரு அறிவிப்பும் கவனத்தைக் கொத்தாகப் பிடித்து இழுக்கிறது. ஓய்வெடுக்கப் போன இடத்திலும் அதே வேலையைத்தான் வாங்குகிறோம்.

ரோஜர் அல்ரிக் 1984-ல் வெளியிட்ட ஆய்வையும் சொல்ல வேண்டும். பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவைசிகிச்சை செய்துகொண்ட 46 பேரின் பதிவேடுகளை எடுத்துப் பார்த்தார். பாதிப் பேரின் ஜன்னலுக்கு வெளியே மரங்கள், பாதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரம் பார்த்தவர்கள் சற்றுச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், வீரியமான வலிமருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. இத்தனைக்கும் அது ஒரு ஜன்னல்தான். காட்டின் நடுவில் நின்றுகொண்டு கையளவு திரையைப் பார்க்கிறவரை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே மனசு கஷ்டமாக இருக்கிறது.

2017-ல் இன்னொரு ஆய்வு வந்தது. போன் அணைந்து மேஜை மேல் சும்மா கிடந்தாலே யோசிக்கும் திறன் குறைகிறது என்றார்கள். என்னைக் கேட்டால் காட்டு வாசலிலேயே எல்லோருடைய போனையும் வாங்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட வேண்டும்.

ஜனவரி 16

2014-ல் டிமோதி வில்சனும் கூட்டாளிகளும் செய்த சோதனையை ஒருவர் நினைவுபடுத்தினார். ஒரு வெற்று அறையில் 15 நிமிடம், போன் கிடையாது, புத்தகம் கிடையாது. கூட இருப்பது ஒரு பொத்தான் மட்டும், அழுத்தினால் தனக்கே லேசாக மின்சாரம் பாயும். அது வேண்டவே வேண்டாம், காசு கொடுத்தாவது தவிர்ப்பேன் என்று முதலில் சொன்னவர்கள்தான் உள்ளே போனார்கள். 18 ஆண்களில் 12 பேரும், 24 பெண்களில் 6 பேரும் ஒரு தடவையாவது அழுத்திவிட்டார்கள்.

படித்ததிலிருந்து ஒரே யோசனை. அப்படியென்றால் குற்றம் முழுவதையும் போன் மேல் போடுவது சரியில்லை. சும்மா இருப்பது முன்பும் சுலபமாக இருந்திருக்காது. அப்போது கைக்கெட்டும் தூரத்தில் பொத்தான் இல்லை, இப்போது சட்டைப்பையிலேயே இருக்கிறது. அதனால் போனை எடுப்பவர்களை அலட்சியமாகப் பேச எனக்கு இனி மனசு வராது. முதல் சில நிமிடம் எல்லோருக்குமே அரிக்கும்.

ஜனவரி 19

15-ஆம் தேதி எழுதியதில் இரண்டைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

அந்த 2017 சோதனையைப் பின்னால் திரும்பச் செய்து பார்த்தவர்களில் சிலருக்கு அதே முடிவு கிடைக்கவில்லை. அதனால் அதன் மேல் அவ்வளவு பாரத்தைப் போட்டிருக்கக் கூடாது.

இரண்டாவது, பூட்டி வைப்பது. அண்ணன் படித்துவிட்டுக் கூப்பிட்டார். அவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. "போன் பையில் இருக்கிறது என்ற தைரியத்தில்தானே நான் தனியாக நடக்கப் போகிறேன், அதையும் பிடுங்கிக்கொண்டால் வீட்டிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. மாதவிடாய் நின்ற பிறகு வந்த படபடப்புக்குப் பயந்து தனியாக எங்கும் போகாமலிருந்த தோழி ஒருத்தியும் இதையேதான் சொல்கிறாள். காது கேளாதவருக்குப் பேச்சை எழுத்தாக்கிக் காட்டுவதும் போன்தான், வழி தவறினவருக்கு வழி காட்டுவதும் அதுதான்.

ஆகவே திருத்தம்: போன் கூட வரட்டும், பையின் அடியில் இருக்கட்டும்.

ஜனவரி 20

இன்னொரு திருத்தம். ஒரு பதிலில் நிசப்தம் வேண்டும் என்று எழுதிவிட்டேன். அது தப்பு. நிசப்தம் வேறு, அமைதி வேறு. தமிழில் அரவம் என்று ஓர் அருமையான வார்த்தை இருக்கிறது. அமைதியான இடத்தில்தான் அரவம் கேட்கும். இரைச்சலான இடத்தில் அந்த வார்த்தைக்கு வேலையே கிடையாது.

மகளுக்கு ஒன்பது வயது. முதல் தடவை காட்டுக்குள் உட்கார வைத்தபோது, "அம்மா, காது கொய்ங்னு கேக்குது" என்று பயந்துவிட்டாள். அது அவளுடைய காதுக்குள்ளேயே எழும் சத்தம். வீட்டில் குளிர்சாதனப் பெட்டி, மின்விசிறி, சாலை என்று ஏதாவது ஒன்று எப்போதும் ஓடிக்கொண்டிருப்பதால் ஒன்பது வருடத்தில் அவளுக்கு அது கேட்டதே இல்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு பூச்சி பாடியது, கொய்ங் மறைந்துவிட்டது. திரும்பும்போது "என் காதைக் கேட்கப் போகலாமா" என்று ஆரம்பித்துவிட்டாள். இப்போது வீட்டில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம்.

கார்டன் ஹெம்ப்டன் என்று ஓர் ஒலிப்பதிவாளர். வாஷிங்டன் மாநிலத்தில் ஒலிம்பிக் தேசியப் பூங்காவின் ஹோ மழைக்காட்டில், பாசி படிந்த ஒரு மரக்கட்டை மேல் சின்னச் சிவப்புக் கல் ஒன்றை 2005-ல் வைத்தார். அந்த ஒரு சதுர அங்குலத்தை மனிதர்கள் எழுப்பும் இரைச்சல் இல்லாமல் காத்தால் போதும், சுற்றிப் பல மைல் தானாக அமைதியாகிவிடும் என்பது அவர் கணக்கு. அந்தக் காட்டில் மழை சொட்டிக்கொண்டேதான் இருக்கும். அவர் காக்க நினைத்தது அந்தச் சொட்டும் சத்தத்தைத்தான்.

ஜனவரி 27

ஒரு வாரமாக எழுதவில்லை. குளத்தங்கரையில் பார்த்த ஒன்றைப் பற்றி எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன், ஏனென்றால் அதில் நானும் தவறு செய்தேன்.

காலை வெயில் ஏறின நேரம். நாணல் தண்டில் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே பழுப்பாக ஒரு பூச்சி ஒட்டிக்கொண்டிருந்தது. ஊசித்தட்டானின் இளம்புழு, தண்ணீரை விட்டு ஏறி வந்திருக்கிறது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே முதுகில் கீறல் விட்டது. முதலில் நெஞ்சு கூன் மாதிரி பிதுங்கியது, அப்புறம் தலை, அப்புறம் ஒவ்வொன்றாகக் கால்கள். கால்கள் வந்ததும் அப்படியே நின்றுவிட்டது. செத்துவிட்டதோ என்று நினைத்தேன். கால்கள் கெட்டிப்பட அது காத்திருக்கிறது. பிறகு ஒரு உந்து உந்தி, தான் விட்ட தோலையே பிடித்துக்கொண்டு வாலை உருவிக்கொண்டது. இறக்கைகள் கசங்கின ஈரத் துணி மாதிரி இருந்தன. அவை மெல்ல நீண்டன, பால் நிறம் போய்க் கண்ணாடி ஆகத் தொடங்கின.

இங்கேதான் போனை எடுத்தேன். மகளுக்குக் காட்டலாமே என்று. அதற்கப்புறம் நான் பூச்சியைப் பார்க்கவில்லை. சட்டத்துக்குள் வருகிறதா, கை ஆடுகிறதா, வெயில் திரையில் அடிக்கிறதா என்றுதான் பார்த்தேன். இடமில்லை என்று போன் சொன்னது. பழைய காணொளிகளில் எதை அழிக்கலாம் என்று தேடி, இரண்டை அழித்துவிட்டு நிமிர்ந்தபோது தண்டில் காலியான தோல் மட்டும் இருந்தது. முதுகில் அந்தக் கீறல், அதிலிருந்து மெல்லிசாக இரண்டு வெள்ளை நூல்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தேன். அது முதல் தடவை பறந்த அந்த ஒரு நொடியை நான் பார்க்கவில்லை. காணொளியை அதற்கப்புறம் ஒரே ஒரு தடவைதான் போட்டுப் பார்த்தேன். மகள் அந்தத் தோலைத்தான் கேட்டாள். எடுத்து வந்திருந்தேன். மூச்சுப் பட்டாலே பறந்துவிடும் அளவுக்கு லேசானது, இப்போதும் ஒரு சின்ன டப்பியில் வைத்திருக்கிறாள்.

ஜனவரி 28

இதற்கும் ஆராய்ச்சி இருக்கிறது என்று ஒரு தோழர் சொன்னார். லிண்டா ஹென்கெல் ஒரு அருங்காட்சியகத்தில் சிலரை அழைத்துப் போய்ச் சில பொருட்களை வெறுமனே பார்க்கவும், சிலவற்றைப் படம் எடுக்கவும் சொன்னார். மறுநாள் கேட்டால், படம் எடுத்த பொருட்கள்தான் குறைவாக நினைவில் இருந்தன. ஆனால் பொருளின் ஒரு பகுதியை மட்டும் நெருக்கி எடுத்தவர்களுக்கு அந்த இழப்பு இல்லை. நின்று, எதை நெருக்குவது என்று பார்த்து எடுப்பவருக்கு நினைவு தங்குகிறதாம். அப்படியென்றால் படம் எடுப்பதே கெடுதல் என்று சொல்ல முடியாது. கேமராவைப் பார்வைக்குத் துணையாக வைத்திருப்பவர்களை நானே பார்த்திருக்கிறேன், ஒரு பூவுக்கு முன்னால் அரை மணி நேரம் மண்டியிட்டிருப்பார்கள்.

பிப்ரவரி 3

போன் எனக்குச் செய்த நல்லதையும் எழுத வேண்டும்.

கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் மெர்லின் செயலியில் 2021-லிருந்து குரலை வைத்தே பறவையைக் கண்டுபிடிக்கும் வசதி இருக்கிறது. நாணலுக்குள் டிக் டிக் என்றது யார் என்று அதுதான் எனக்குச் சொன்னது. பெயர் தெரிந்த பிறகு அந்தக் குரல் கூட்டத்திலிருந்து தனியாகப் பிரிந்து கேட்க ஆரம்பித்தது. அதற்கு நன்றி.

ஆனால் கொஞ்ச நாளில் இன்னொன்றைக் கவனித்தேன். பறவை கூவினால் என் கண் மரத்துக்குப் போகாமல் திரைக்குப் போனது. பெயர் வந்ததும் திருப்தியாகி நடையைக் கட்டிவிடுவேன். இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். முதலில் கேட்பது, குரல் எங்கிருந்து வருகிறது என்று தேடுவது, என்னவாக இருக்கும் என்று நானே ஒரு பெயர் நினைத்துக்கொள்வது. கிளம்பும்போதுதான் செயலி.

போனிலிருந்து பறவையின் குரலை ஒலிக்கவிட்டு அதை வெளியே வரவழைப்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். தன் எல்லைக்குள் இன்னொருவன் வந்துவிட்டான் என்று அது பதறிக்கொண்டு வருகிறது. கூடு கட்டும் காலத்தில் அந்த நேரம் முழுக்க குஞ்சுகளிடமிருந்து திருடிய நேரம்.

பிப்ரவரி 9

இன்று கோபத்தில் எழுதுகிறேன். குளத்துக்கு ஒரு கூட்டம் வந்தது. கையடக்க ப்ளூடூத் ஸ்பீக்கரைச் சாய்ந்த மரத்தின் மேலேயே வைத்தார்கள். மீன்கொத்தி உட்காரும் இடம். கேட்டதற்கு, "பொது இடம்தானே அக்கா" என்றார்கள், மரியாதையாகத்தான். பொது இடம் என்பதால்தானே கேட்கிறேன் என்று சொல்ல அப்போது எனக்கு வாய் வரவில்லை.

முதல் கேள்வியில் "யாருக்கும் ஒன்றும் குறையவில்லை" என்று இருந்ததே, அதற்கு என் பதில் இந்த மரம். அமெரிக்காவின் பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதிகளில் 63 சதவீத இடங்களில் மனித இரைச்சல் பின்னணி ஒலியை இரண்டு மடங்காக்கியிருக்கிறது என்று 2017-ல் அளந்து சொன்னார்கள். அங்கே தேசியப் பூங்காக்களில் ட்ரோன் பறக்கவிட 2014-லேயே தடை வந்துவிட்டது.

பிப்ரவரி 10

கோபம் ஆறியது. உருப்படியான ஒன்று: கலிபோர்னியாவில் மியூர் வுட்ஸ் என்ற, ரெட்வுட் மரங்கள் நிறைந்த காட்டில் ஒரு பகுதியில் "அமைதிப் பகுதி" என்று பலகை மட்டும் வைத்துப் பார்த்தார்கள். அபராதமோ காவலரோ கிடையாது. இரைச்சல் ஏறக்குறைய 3 டெசிபல் இறங்கியது. கேட்க அற்பமாக இருக்கும், ஆனால் 3 டெசிபல் குறைந்தால் ஒலியின் ஆற்றல் பாதியாகிறது என்று அர்த்தம். மக்கள் கெட்டவர்கள் இல்லை. இங்கே கேட்பதற்கு ஏதோ இருக்கிறது என்று யாராவது அவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

2020 ஊரடங்கில் சான் பிரான்சிஸ்கோ பக்கம் நடந்ததும் நினைவுக்கு வருகிறது. தலையில் வெள்ளைக் கோடு உள்ள ஒரு வகைக் குருவி, வாகன இரைச்சல் அடங்கியதும் சத்தத்தைக் குறைத்துப் பாட ஆரம்பித்தது. அப்படிப் பாடியும் முன்னைவிடத் தூரம் கேட்டது. அதுவரை அந்தக் குருவிகள் கத்திக்கொண்டிருந்திருக்கின்றன.

பிப்ரவரி 16

கேள்வி கேட்ட வாசகர் திரும்ப வந்திருக்கிறார். போனை அணைத்துவிட்டு உட்கார்ந்து பார்த்தாராம். பதினோராவது நிமிடத்தில் எழுந்துவிட்டேன், ஒன்றும் வரவில்லை என்கிறார்.

பதினொன்று நல்ல கணக்கு. எனக்கு முதலில் ஏழு தாண்டாது. அடுத்த தடவை கைக்கடிகாரத்தோடு போங்கள், முதுகுக்கு ஒரு மரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், தனியாகப் பிடிக்கவில்லை என்றால் பேசாமல் இருக்கக்கூடிய ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். பை மேல் கை போனால் போகட்டும், அதைத் திட்டிக்கொண்டிருந்தால் அதுவே தனி வேலையாகிவிடும்.

நேற்று இரவு மகளோடு போயிருந்தேன். நிலா இல்லை. புல்லில் படுத்துக்கொண்டு, இரண்டு கிளைகளுக்கு நடுவில் தெரிந்த வானத்தில் அவள் நட்சத்திரம் எண்ணினாள். ஒன்பது என்றாள். எண்ணி முடித்துவிட்டோம், போகலாமா என்று கேட்டாள். இன்னொரு தடவை எண்ணு என்றேன். பதினான்கு. தப்பாக எண்ணிவிட்டேன் போல என்று மறுபடி ஆரம்பித்தாள். இருபத்து மூன்றில் குழம்பிவிட்டாள். அப்புறம் வெகுநேரம் பேச்சே இல்லை, தூங்கிவிட்டாள் என்று நினைத்துத் திரும்பினேன். கண்ணை விரியத் திறந்து படுத்திருந்தாள்.

"அம்மா, இன்னும் வந்துக்கிட்டே இருக்கு" என்றாள்.